எரிகாயத்தின் ஆழம் பார்த்த கதை

வருசப்பிறப்பு எண்டால் எங்கட வீடுகளில் பால் பொங்கும், பலகார எண்ணெய் கொதிக்கும். ஒரு கணம் கை தவறினால் எரிகாயம்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், "இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பம்" என்று வைத்தியர் சொல்லுவார். கவலையீனம் எண்டு நாங்கள் கோபிப்போம். ஆனால் அந்தப் பொறுமைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு.

மேலோட்டமான காயம் தானாக மாறும். ஆழமான காயத்துக்குத் தோல் ஒட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவிலுள்ள காயம்தான் சிக்கல். 1953இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் டக்ளஸ் ஜக்சன் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் எரிகாயத்தை மூன்று வலயங்களாகப் பிரித்தார். நடுவில் இறந்த தோல், வெளியே சிவந்து பிழைக்கும் தோல், இடையில் இரத்த ஓட்டம் தளர்ந்த தோல். அந்த இடைப்பகுதி சில நாட்களுக்குள் பிழைக்கவும் கூடும், சாகவும் கூடும்.

இரத்தம் ஓடும் இடம் சூடாக இருக்கும். இதை வைத்து 1961இல் கனடாவின் மொன்றியலில் லோசனும் அவரது தோழர்களும் வெப்பப் படத்தால் எரிகாயத்தை மதிப்பிட்டு எழுதினார்கள். ஆனால் ஈரமான காயம் காயும்போது குளிர்ந்து, படம் ஆளை ஏமாற்றிவிடும்.

1970இல் யூகோஸ்லாவியாவின் மரிபோரில் இருந்த வைத்தியை சோரா யான்ஷெகோவிச், இறந்த தோலை ஆரம்பத்திலேயே சீவியெடுத்து உடனே புதுத்தோல் ஒட்டும் முறையை வெளியிட்டார். எதைச் சீவுவது, எதை விடுவது என்ற கேள்வி இதனால் இன்னும் அவசரமானது. அனுபவமுள்ள வைத்தியரின் கண்ணும் இதில் பிழைவிடும். எங்களைப் போன்ற கருமையான தோலில் சிவப்பைக் காண்பது மேலும் கடினம்.

1990களில் லேசர் டொப்ளர் படக்கருவி வந்தது. தீங்கில்லாத ஒளி, ஓடும் இரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது சிறிது மாறும். அந்த மாற்றத்தைக் கணினி நிறப்படமாக்கும். சிவப்பு எண்டால் இரத்தம் நன்றாக ஓடுகிறது, நீலம் எண்டால் ஓட்டம் குறைவு. 2011இல் பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம், ஆழம் தெளிவில்லாத காயங்களுக்கு இதைப் பரிந்துரைத்தது. காயம்பட்டு 2 நாள் கழிந்து 5 நாளுக்குள் எடுக்கும் படமே நம்பகமானது. பொறுக்கச் சொன்னதன் காரணம் இதுதான். தேவையில்லாத ஒரு வெட்டிலிருந்து பிள்ளையின் கை தப்பலாம்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்தக் கருவி இல்லை. ஆனால் குழாய்த் தண்ணீர் பல வீடுகளில் உண்டு. சுட்ட இடத்தை உடனே 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். பற்பசை, நெய், மஞ்சள் பூசவேண்டாம். அவை காயத்தை வைத்தியரின் கண்ணுக்கும் மறைக்கும், கருவியின் கண்ணுக்கும் மறைக்கும்.