நாக்குக்கு அடியில் ஒரு துளி

பி.காம் படிக்கிறவனுக்கு அலர்ஜி வைத்தியத்தைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வைத்தியத்தின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, இது பாதி மருத்துவம், மீதி எடையும் அளவும் என்று தெரிந்தது. எடையும் அளவும் எங்கள் ஏரியா :-) அதிலும் உலகத்தையே அடியால் அளந்த பெருமாள் நிற்கிற திருக்கோவிலூரில் இருந்துகொண்டு அளவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

முதலில் விஷயம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நெல் அடிக்கிற தூசி, மெத்தையில் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப்பூச்சி, ஏரிக்கரைச் சீமைக்கருவேலத்தின் மகரந்தம்.. இவை பட்டதும் சிலருக்கு அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, மூக்கில் தண்ணீர், சிலருக்கு இளைப்பு. செட்ரிசின் போட்டால் அன்றைக்கு அடங்கும். மறுநாள் பழைய கதை. இதற்கு இன்னொரு வழி உண்டு. எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லையோ, அதையே கொஞ்சம் கொஞ்சமாக வருடக்கணக்கில் உடம்புக்குக் கொடுத்துப் பழக்குவது. ஊசியாகவும் போடலாம், நாக்குக்கு அடியில் சொட்டாகவும் விடலாம். சொட்டை ஓரிரு நிமிடம் அப்படியே வைத்திருந்து பிறகு விழுங்க வேண்டும்.

யோசனை ரொம்பப் பழசு. சாணக்கியர் சந்திரகுப்தனின் சாப்பாட்டில் துளித்துளியாக விஷம் கலந்து பழக்கினார் என்று ஒரு சமணக் கதை இருக்கிறது. ஒருநாள் அதே தட்டில் சாப்பிட்ட கர்ப்பிணி ராணி இறந்துபோனாளாம். கதைதான். ஆனாலும் இந்த வைத்தியத்தின் மொத்தப் பிரச்சினையும் அதில் இருக்கிறது. ஒருவருக்குப் பழகிய அளவு இன்னொருவருக்கு எமன்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1819-ல் ஜான் பாஸ்டாக் என்ற லண்டன் டாக்டர், கோடை வந்தால் தனக்கே வரும் கண் எரிச்சலையும் மூச்சுத் திணறலையும் மருத்துவர் சங்கத்தில் விவரித்தார். அதற்குக் காரணம் புல்லின் மகரந்தம் என்று சோதனை செய்து காட்டியவர் மான்செஸ்டர் டாக்டர் சார்லஸ் பிளாக்லி. 1873-ல் அவர் புத்தகம் வந்தது. தன் தோலையே கீறி மகரந்தம் தடவிப் பார்த்திருக்கிறார். பட்டத்தில் ஒட்டும் கண்ணாடித் துண்டைக் கட்டிப் பறக்கவிட்டு, உயரத்தில் எவ்வளவு மகரந்தம் மிதக்கிறது என்று எண்ணியிருக்கிறார். 'அலர்ஜி' என்ற பெயரே பிறகுதான் வந்தது. 1906-ல் வியன்னாவின் கிளெமன்ஸ் ஃபான் பிர்க்கே வைத்த பெயர் அது.

மகரந்தச் சாற்றை வாய் வழியாகக் கொடுக்கும் முயற்சி 1900-லேயே நியூயார்க்கில் நடந்தது. ஹோல்புரூக் கர்டிஸ் என்பவர் செய்தது. அது நிலைக்கவில்லை. நிலைத்தது ஊசி. 1911-ல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையின் லெனார்ட் நூன் புல் மகரந்தச் சாற்றை ஊசியாகப் போட்டு லான்செட் இதழில் எழுதினார். வேடிக்கை என்னவென்றால் அவருடைய கொள்கை தப்பு. மகரந்தத்தில் நஞ்சு இருக்கிறது, ஊசி போட்டால் உடம்பு முறிவு மருந்து தயாரிக்கும் என்று நினைத்தார். மகரந்தத்தில் அப்படி நஞ்சு எதுவும் இல்லை.

பிறகு ஏன் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்? அவர் ஒரு படிக்கல்லை உண்டாக்கினார். ஒரு கிராம் மகரந்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கிலிருந்து எடுத்த சாறு ஒரு யூனிட் என்று வைத்துக்கொண்டார். கண்ணில் சொட்டு விட்டு யாருக்கு எத்தனை யூனிட்டில் கண் சிவக்கிறது என்று பார்த்தார். அளவு மீறினால் அலர்ஜி இன்னும் கூடுகிறது என்பதையும் கவனித்தார். 1913-ல் காசநோயில் இறந்துபோனார். நண்பர் ஜான் ஃப்ரீமன் வேலையைத் தொடர்ந்தார். அதே மருத்துவமனையின் வில்லியம் ஃபிராங்க்லாண்ட், 1954-ல் மகரந்த ஊசியையும் வெறும் ஊசியையும் ஒப்பிட்டு, பலன் உண்மைதான் என்று காட்டினார். உடம்பில் தும்மலைக் கிளப்பும் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புரதம் 1966-67-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதாவது காரணம் தெரிவதற்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே கணக்கு வேலை செய்திருக்கிறது!

ஆனால் ஊசிக்கு ஒரு விலை இருந்தது. 1957-லிருந்து 26 பேர் இந்த ஊசியால் இறந்திருக்கிறார்கள் என்று 1986-ல் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. அவசர சிகிச்சை வசதி உள்ள இடத்தில்தான் போட வேண்டும், போட்டபின் இரண்டு மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும் என்றது. அதே 1986-ல்தான் ஸ்காடிங், பிராஸ்டாஃப் இருவரும் தூசிப்பூச்சி அலர்ஜிக்கு நாக்கடிச் சொட்டைச் சோதித்து, பலன் இருப்பதாக வெளியிட்டார்கள். தினமும் எத்தனையோ அந்நியப் பொருட்களைப் பார்க்கிற இடம் வாய். சண்டை போடுவதைவிட ஏற்றுக்கொள்வதுதான் அதன் சுபாவம். அதனால் ஆபத்து ஊசியைவிட மிகக் குறைவு. வாய் அரிப்பு, லேசான வீக்கம் போன்றவைதான் அதிகம். 1998-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையும் இந்த வழியை ஏற்றது.

அப்புறம் என்ன, பிரச்சினை தீர்ந்ததா? இல்லீங்க. மறுபடியும் அளவுதான். நாக்குக்கு அடியில் கொடுக்கும்போது ஊசியில் போவதைப் போலப் பல மடங்கு மருந்து தேவைப்படுகிறது. வெறும் தண்ணீர் மாதிரி இருக்கிற சொட்டு ஆபத்தும் செய்யாது, பலனும் தராது. அதனால்தான் ஒவ்வொன்றிலும் ஒரே அளவு இருக்கிற மாத்திரைகள் வந்தன. புல் மகரந்த மாத்திரை ஐரோப்பாவில் 2006-ல் அனுமதி பெற்றது. அமெரிக்கா 2014-ல் மாத்திரைகளை அனுமதித்தது. சொட்டு மருந்துக்கு அங்கே இன்னும் அந்த அனுமதி இல்லை.

நம் நாட்டுக் கணக்கு வேறு. லண்டன் புல் நம் ஏரியில் முளைப்பதில்லை. நமக்குத் தும்மல் தருகிற சீமைக்கருவேலம் 1870களில் மதராஸ் மாகாணத்து வனத்துறை விதை வரவழைத்து வளர்த்தது. பார்த்தீனியம் 1950களில் புனேயில் கண்ணில் பட்டு நாடு முழுக்கப் பரவியது. டெல்லியில் வல்லபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் ஷிவ்புரி, விஸ்வநாதன் போன்றவர்கள் நம் காற்றில் எந்த மாதம் என்ன மகரந்தம் மிதக்கிறது என்று எண்ண ஆரம்பித்தார்கள். பிளாக்லியின் பட்டம் டெல்லிக்கு வந்த மாதிரி.

ஆனால் நூனின் படிக்கல் இன்னும் முழுசாக வரவில்லை. இங்கே பல சாறுகள் இத்தனை மில்லியில் இத்தனை கிராம் மகரந்தம் என்ற கணக்கில்தான் வருகின்றன. அந்தக் கிராமுக்குள் வேலை செய்கிற புரதம் எவ்வளவு என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். நம்ம ஊர் பால் சொசைட்டியை நினைத்துப் பாருங்கள். லிட்டரை மட்டும் பார்த்தா பணம் போடுகிறார்கள்? கொழுப்பு எவ்வளவு என்று பார்த்துத்தானே. பாலுக்கு இருக்கிற கறார் மூன்று வருடம் நாக்குக்கு அடியில் விடுகிற மருந்துக்கும் வேண்டாமா?

மூன்று வருடம் என்று சும்மா சொல்லவில்லை. ஐரோப்பாவில் மூன்று வருடம் புல் மாத்திரை எடுத்தவர்களுக்கு, நிறுத்திய பிறகும் இரண்டு வருடம் பலன் நீடித்தது. 2017-ல் வெளியான லண்டன் ஆய்வில் இரண்டு வருடத்தோடு நிறுத்தியவர்களுக்கு, அடுத்த வருடம் வெற்று மருந்து எடுத்தவர்களைவிடக் குறிப்பிட்ட பலன் இல்லை. கையில் காசு இருக்கும்வரை வாங்கிவிட்டு நடுவில் விடுகிற குடும்பத்துக்கு, கட்டின பணம் முழுக்க நஷ்டமாகலாம். அதனால் ஆரம்பிக்கும் முன்பே மூன்று வருடத்துக்கும் சேர்த்து மொத்தச் செலவை எழுதிப் பாருங்கள்.

அலர்ஜி டாக்டரிடம் சில கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். எனக்கு வருகிற தொல்லைக்கும் சோதனையில் வந்த பொருளுக்கும் சம்பந்தம் இருக்கிறதா? இளைப்பு கட்டுக்குள் இல்லாதபோது இதை ஆரம்பிக்கலாமா? முதல் சொட்டு உங்கள் எதிரில்தானே? இந்தத் துளியில் மருந்து எவ்வளவு, அடுத்த பாட்டிலிலும் அதே அளவு இருக்குமா?

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நமக்குத் தெரியும். அளவு குறைந்தால் மருந்தும் தண்ணீர்தான். இதையும் சேர்த்துச் சொல்லத்தான் இந்த நூறு வருடக் கதை.