அழுத்தம் (இயற்பியல்)

ஒரு பரப்பின் மீது செங்குத்தாகச் செயல்படும் விசையை அதன் பரப்பளவால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம். விசை கூடினால் அழுத்தம் கூடும். அதே விசை அகலமான பரப்பில் பரவினால் குறையும். ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் விசை செயல்பட்டால் அது ஒரு பாஸ்கல். பிளேஸ் பாஸ்கலின் (1623–1662) பெயர் 1971இல் இந்த அலகுக்குச் சூட்டப்பட்டது. மிகச் சிறிய அலகு என்பதால் நடைமுறையில் கிலோபாஸ்கலே வசதி.

தேயிலைத் தோட்டத்தில் 20 கிலோ கொழுந்துள்ள கூடையைத் தோளில் மாட்டினால், வார் தாங்கும் விசை சுமார் 196 நியூட்டன். உடலில் 200 சதுர செ.மீ. படியும் அகல வாராக இருந்தால் அழுத்தம் சுமார் 10 கிலோபாஸ்கல். 40 சதுர செ.மீ. மட்டுமே படியும் கயிறாக இருந்தால் 49. கூடையின் எடை மாறவில்லை, தோள்தான் கன்றிப்போகிறது.

திரவத்தில் கணக்கு வேறு விதமாக வெளிப்படும். பகாங் மாநிலத்தின் ரிங்லெட்டில் பெர்த்தாம் ஆற்றை மறித்து 1960களில் கட்டப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணை சுமார் 40 மீட்டர் உயரம். ஏரி எவ்வளவு தூரம் பரந்து கிடக்கிறது என்பது சுவருக்குப் பொருட்டில்லை. ஆழம் மட்டுமே பொருட்டு. பள்ளி மாணவர்கள் சட்டென்று நம்ப மறுக்கும் இடம் இதுதான். நீர் 40 மீட்டர் நின்றால் அடியில் நீரால் மட்டும் ஏறும் அழுத்தம் சுமார் 392 கிலோபாஸ்கல், அதாவது கடல்மட்டக் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ நான்கு மடங்கு. மேற்பரப்பில் அது சுழி, சராசரி 196. ஆகவே ஒரு மீட்டர் அகலச் சுவர்த்துண்டைத் தள்ளும் விசை 196 × 40, அதாவது 7,840 கிலோநியூட்டன். சுமார் 800 டன் எடைக்குச் சமம். ஆழம் இரட்டித்தால் இந்த விசை நான்கு மடங்காகும். இத்தகைய அணைகளின் அடிப்பகுதி மேற்பகுதியைவிடப் பல மடங்கு தடிமனாக இருப்பதன் காரணம் இதுவே.

மேட்டு நிலங்களில் காய்கறிப் பயிருக்காகவும் கட்டடங்களுக்காகவும் மண்ணைத் திறந்துவிட்டதால் ரிங்லெட் ஏரியில் வண்டல் பெருமளவு சேர்ந்திருக்கிறது. வண்டல் படிந்தால் சேமிக்கும் நீர் குறையும், ஆனால் சுவரின் சுமை குறையாது. சேறு நீரைவிடக் கனமானது, அடிப்பகுதியை இன்னும் அதிகமாகவே தள்ளும்.

இந்த ஏரியின் நீர் சுரங்கம் வழியாகப் பேராக் மாநிலத்து ஜோர் மின்நிலையத்துக்கு 500 மீட்டருக்கும் மேல் இறங்குகிறது. அங்கே குழாயின் உட்சுவரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 50 கிலோ எடை அளவுக்கு நீர் நெருக்குகிறது. குறுகிய முனையிலிருந்து பீறிடும்போது அந்த அழுத்தம் நீரின் வேகமாக மாறி, பெல்ட்டன் சக்கரத்தைச் சுழற்றுகிறது.