தீப்பெட்டிப் படம்: சேர்த்த கைகளும் ஒட்டிய கைகளும்

ஸ்டாம்ப், பழைய நாணயம், டிவியில் செருகி ஆடிய வீடியோ கேம் கேசட், சினிமா பாட்டுப் புத்தகம்... மனிதர்கள் எதையெல்லாம் சேர்ப்பார்கள் என்று சொல்லவே முடியாது. இந்த வரிசையில் ரொம்பவும் சல்லிசான ஒன்று உண்டு. தீப்பெட்டி மேல் ஒட்டியிருக்கும் படம்!

சேர்ப்பது மட்டும் அல்ல, அதை வைத்து விளையாடவும் செய்தார்கள். தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு டிவி வருவதற்கு முன்னால், பையன்களின் டவுசர் பாக்கெட்டில் கோலிக்குண்டோடு சேர்ந்து கிடந்தது தீப்பெட்டிப் படம். தரையில் ஒரு வட்டம். அதற்குள் ஆளுக்கு இத்தனை என்று படங்களை வைக்க வேண்டும். தூரத்தில் கோடு கிழித்து நின்று சில்லால் அடிக்க வேண்டும். வட்டத்துக்கு வெளியே வந்த படம் அடித்தவனுக்குச் சொந்தம். பெட்டிக்கடையில் தினமும் பார்க்கிற படத்துக்கு மதிப்பு குறைவு. வெளியூர் போய் வந்த மாமா கொண்டு வந்த படத்துக்கு மதிப்பு அதிகம். ஊருக்கு ஊர் விதி மாறும். ஆனால் கிராக்கி இருக்கிற சரக்குக்குத்தான் விலை என்ற பொருளாதாரப் பாடத்தை எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் அந்த வட்டம் சொல்லிக் கொடுத்தது.

இங்கிலாந்தில் இந்தப் பொழுதுபோக்குக்கு ஒரு பெரிய பெயரே வைத்தார்கள். 1943இல் மார்ஜோரி எவான்ஸ் என்ற பெண்மணி உருவாக்கிய சொல் 'ஃபிலுமெனி'. கிரேக்கத்தில் 'பிரியம்', லத்தீனில் 'வெளிச்சம்', இரண்டையும் ஒட்டிய சொல் அது. வெளிச்சத்தின் மேல் பிரியம்! 1945இல் அங்கே லேபிள் சேர்ப்பவர்களுக்கு ஒரு சங்கமும் வந்துவிட்டது. இங்கே பையன்களுக்குச் சங்கமும் இல்லை, பெயரும் இல்லை. ஆனால் அவர்கள் சேர்த்த படங்களில் ஏராளமானவை அச்சாகி, ஒட்டப்பட்டு வெளியே வந்த ஊர் பக்கத்திலேயே இருந்தது. அதுதான் சிவகாசி.

கல்கத்தாவில் கற்ற தொழில்

தீக்குச்சி நம் ஊர்ச் சரக்கே இல்லை. 1827இல் இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக்கடைக்காரர் உரசினால் பற்றும் குச்சியை விற்றார். குச்சி முனையில் ஒரு மருந்து, பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் என்று பிரித்து வைத்து, 'சேஃப்டி மேட்ச்' ஆக்கியவர்கள் சுவீடன்காரர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியச் சந்தையில் சுவீடன் பெட்டிகளும் ஜப்பான் பெட்டிகளும் குவிந்தன. ஜப்பான்காரர்கள் கெட்டிக்காரர்கள். இந்தியாவில் விற்க வேண்டுமென்றே நம் சாமி படங்களை லேபிளில் அச்சடித்து அனுப்பினார்கள். சரஸ்வதியும் கிருஷ்ணரும் கப்பல் ஏறி இங்கே வந்த காலம் அது.

1922இல் இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி ஏறியது. உள்ளூரில் செய்தால் லாபம் என்ற நிலை வந்தது. அதே வருஷம் சிவகாசியைச் சேர்ந்த இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். அய்ய நாடார், சண்முக நாடார். இருவரும் உறவினர்கள். சுமார் எட்டு மாதம் அங்கே தங்கித் தொழில் கற்று, 1923இல் ஊர் திரும்பித் தீப்பெட்டித் தொழிற்சாலை தொடங்கினார்கள். கரிசல் பூமி, மழை குறைவு, விவசாயம் நம்ப முடியாது, வேலை தேடும் கைகள் ஏராளம். காய்ந்த காற்று தீப்பெட்டிக்கு வரம். மழை பெய்யாத ஊருக்கு அந்த வறட்சியே முதலீடு ஆனது.

இதில் ஒரு சுவாரஸ்யம். அதே 1923இல்தான் சுவீடன் தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவில் 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி', சுருக்கமாக விம்கோ, என்ற பெயரில் கால் பதித்தது. அதன் பின்னால் இருந்தவர் 'தீப்பெட்டி ராஜா' என்று உலகம் அழைத்த ஐவார் க்ரூகர். உலகத் தீப்பெட்டி உற்பத்தியில் பாதிக்கு மேல் தன் பிடியில் வைத்திருந்த மனிதர். 1932இல் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார். பிறகு கணக்குகளைத் தோண்டியபோது பெரிய மோசடி நடந்திருப்பது தெரிந்தது. காமர்ஸ் படிப்பவர்கள் கணக்குத் தணிக்கை எதற்கு என்று கேட்டால், இவர் கதை ஒன்றே போதும்.

ஒரு பக்கம் இயந்திரமும் வெளிநாட்டு மூலதனமும் உள்ள விம்கோ. இன்னொரு பக்கம் கையால் குச்சி அடுக்கும் சிவகாசி. இதில் சிவகாசி எப்படித் தாக்குப்பிடித்தது?

வரி வளர்த்த படங்கள்

1934இல் பிரிட்டிஷ் அரசு தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி போட்டது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியிலும் 'பேண்ட்ரோல்' என்ற காகிதப் பட்டை ஒட்ட வேண்டும். (அந்தப் பட்டையைத் தனியாகச் சேர்க்கும் ஆட்களும் உண்டு!) பின்னாளில், கையால் செய்யும் சின்னத் தொழிற்சாலைகளுக்கு வரியில் சலுகை கிடைத்தது. உற்பத்தி குறைவாக இருந்தால் வரியும் குறைவு. விளைவு என்ன? பெரிதாக வளர்ந்தால் நஷ்டம், சின்னதாகப் பல யூனிட்டாகப் பிரிந்தால் லாபம். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரம் முழுக்கச் சின்னச் சின்னத் தீப்பெட்டி ஆபீஸ்கள் முளைத்தன.

இத்தனை ஆபீஸ் என்றால் அத்தனை மார்க் வேண்டும். அத்தனை மார்க்குக்கும் படம் வேண்டும். லேபிள் அடிக்க வெளியூர் அச்சகத்தை நம்பி இருக்க முடியாமல், 1920களின் கடைசியிலேயே சிவகாசிக்கு லித்தோ அச்சகம் வந்துவிட்டது. லேபிளுக்காக வந்த மிஷின்தான் பிறகு பட்டாசு லேபிள், காலண்டர், டைரி, சினிமா போஸ்டர் என்று ஊரையே அச்சு நகரம் ஆக்கியது. கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) வரைந்த சாமி படங்கள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்ததும் சிவகாசிக் காலண்டர் வழியாகத்தான். ஆக, தீக்குச்சி பற்ற வைத்தது அடுப்பை மட்டும் அல்ல!

லேபிளில் எழுத்தைவிடப் படம் ஏன் பெரிதாக இருக்கிறது தெரியுமா? சரக்கு போனது வடக்கே, பல மொழி பேசும் ஊர்களுக்கு. எழுதப் படிக்கத் தெரியாத வாடிக்கையாளர் கடையில் கை நீட்டி "அந்தப் புலி", "அந்தச் சாவி", "அந்தக் கப்பல்" என்றுதான் கேட்பார். படம்தான் பிராண்ட். அதனால் ஒரு மார்க் நன்றாக ஓடினால், கொஞ்சம் மாற்றிய நகல் அடுத்த மாதமே கடைக்கு வந்துவிடும். நிறம் அதே, சட்டம் அதே, மிருகம் மட்டும் திரும்பி நிற்கும். டிரேட்மார்க் வழக்கு போடுபவருக்குத் தலைவலி. சேர்ப்பவருக்கோ கொண்டாட்டம்! அசலும் நகலும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்த ஆல்பத்துக்குத் தனி மவுசு.

படத்தைப் படிப்பது எப்படி?

வெதுவெதுப்பான தண்ணீரில் பெட்டியை ஊறப் போட்டால் பசை விட்டு லேபிள் கழன்று வரும். மை உறிஞ்சும் தாளில் கவிழ்த்து உலர்த்த வேண்டும். அவசரப்பட்டு உரித்தால் மூலை கிழியும். இது பாலபாடம். பெட்டி லேபிள் தவிர, டஜன் கட்டின் மேல் ஒட்டும் லேபிள், குரோஸ் பண்டலின் மேல் ஒட்டும் பெரிய லேபிள் என்று வகைகள் உண்டு.

வருஷம் போடாத லேபிளுக்கு வயது கண்டுபிடிப்பதுதான் நிஜமான விளையாட்டு. காந்தி, ராட்டை, பாரத மாதா என்றால் சுதேசிக் காலத்து வாசனை. விலை அணாவில் இருந்தால் 1957க்கு முந்தையதாக இருக்கலாம், ஏனென்றால் அந்த வருஷம்தான் நயா பைசா வந்தது. முகவரியில் 'மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருந்தால் 1969க்கு முன். 'ராம்நாட் டிஸ்ட்ரிக்ட்' என்று இருந்தால் 1985க்கு முன், அதாவது விருதுநகர் தனி மாவட்டம் ஆவதற்கு முன் அடித்ததாக இருக்க வாய்ப்பு. (பழைய பிளாக்கையே வைத்து ஓட்டியவர்களும் இருப்பார்கள், ஜாக்கிரதை!) ராக்கெட், டிராக்டர், அணைக்கட்டு, சினிமா நட்சத்திரம், கிரிக்கெட் என்று அந்தந்தக் காலத்தில் நாடு எதைப் பார்த்து வாய் பிளந்ததோ அதெல்லாம் இரண்டு அங்குலக் காகிதத்தில் இருக்கிறது. அமெரிக்கரான வாரன் டாட்ஸ் இந்தியத் தீப்பெட்டிப் படங்களை வைத்தே 2007இல் 'லைட் ஆஃப் இந்தியா' என்று ஒரு புத்தகம் போட்டார்.

லேபிளில் இல்லாத படம்

இவ்வளவு அழகான வரலாற்றில் ஒரு பக்கத்தை மட்டும் ஆல்பங்கள் காட்டுவதில்லை. அந்த லேபிளைப் பெட்டியில் ஒட்டியது யார்?

கையால் செய்யும் தீப்பெட்டியில் வேலைகள் பல. கட்டையில் குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டி ஒட்டுவது, குச்சியை அடைப்பது, லேபிள் ஒட்டுவது. மருந்து முக்குவது பெரியவர்கள் வேலை. மற்றவற்றில் பெண்களும் குழந்தைகளும், அதிலும் சிறுமிகள், அதிகம் இருந்தார்கள். கூலி பீஸ் ரேட். கணக்கு குரோஸில், அதாவது 144 பெட்டிக்கு இவ்வளவு என்று. 1970, 80களில் சுற்றுவட்டக் கிராமங்களுக்குத் தொழிற்சாலை பஸ் விடியும் முன்பே வந்து குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனது, இருட்டிய பிறகுதான் திரும்பக் கொண்டு விட்டது. 1983இல் ஸ்மிது கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை இதை நாடு முழுக்கப் பேச வைத்தது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் அந்த முகங்களைத் திரையில் காட்டியது. குட்டி ஜப்பான் என்பது சிவகாசிக்குப் பெருமையாகச் சொல்லும் பட்டப்பெயர். அந்தப் படத்துக்குப் பிறகு அதன் அர்த்தமே வேறாகிவிட்டது.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு பையன் 500 படம் சேர்த்திருந்தால் தெருவில் அவன்தான் ராஜா. அதற்குப் பல வருஷம் ஆகும். அதே 500 லேபிள் என்பது மூன்றரை குரோஸ். தீப்பெட்டி ஆபீஸில் அது ஒரு நாள் வேலையில் ஒரு பகுதிதான். ஒரே வயது, ஒரே காகிதம். ஒரு பிள்ளைக்கு அது விளையாட்டு, இன்னொரு பிள்ளைக்கு அது ராத்திரி அடுப்பு எரிவதற்கான கூலி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

1986ஆம் வருஷச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு உற்பத்தியில் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதிக்குக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கு கிளம்பியதே சிவகாசியை வைத்துத்தான். சட்டம், கண்காணிப்பு, பள்ளிக்கூடங்கள், மதிய உணவு, ஊடகங்களின் பார்வை எல்லாம் சேர்ந்து நிலைமையை மாற்றின. 2016இல் சட்டம் இன்னும் இறுகியது. 18 வயது வரை அபாயகரமான தொழில் எதிலும் சேர்க்கக் கூடாது.

லேபிள் மறைந்தது

அதற்குள் லேபிளுக்கே வேலை போய்விட்டது. மெல்லிய மரச் சீவலில் செய்த பெட்டிக்கு மேலே காகிதம் ஒட்ட வேண்டி இருந்தது. அட்டைப் பெட்டி வந்தபின் படத்தை நேரே அட்டையிலேயே அச்சடித்துவிட்டார்கள். ஒட்டவும் வேண்டாம், உரிக்கவும் வேண்டாம். இயந்திரங்கள் வந்தன, கைகள் குறைந்தன. 2007இல் 50 பைசாவிலிருந்து 1 ரூபாய் ஆன தீப்பெட்டி, அடுத்த 14 வருஷம் அதே விலையில் நின்று, 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆனது. நடுவே சீன லைட்டர் வந்து வியாபாரத்தைத் தின்றது. 2023இல் 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்குத் தடை வந்தபோது கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் கொஞ்சம் மூச்சு விட்டார்கள்.

எரிந்து முடிந்ததும் தூக்கி எறிவதற்காகவே அடித்த காகிதம் அது. அதைத் தூக்கி எறியாமல் வைத்தவர்கள் டவுசர் பையன்கள். அவர்களால்தான் ஒரு தொழிலின் நூறு வருஷக் கதை இன்று கையில் கிடைக்கிறது. அப்படி ஒரு ஆல்பம் எங்காவது பார்க்கக் கிடைத்தால், புலியையும் கப்பலையும் ரசித்துவிட்டு லேபிளைத் திருப்பியும் பாருங்கள். பின்பக்கம் காய்ந்த பசை இருக்கும். அந்தப் பசையைத் தடவிய விரலுக்கு அப்போது எத்தனை வயது என்று எந்த ஆல்பத்திலும் எழுதியிருக்காது.

கொசுறு: சென்னை மெட்ரோவில் 'விம்கோ நகர்' என்று ஒரு ஸ்டேஷன் இருக்கிறதே, அது திருவொற்றியூரில் இருந்த அதே விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர்தான். கம்பெனி 2005இல் ஐடிசி கைக்குப் போனது. பெயர் மட்டும் இன்னும் ரயிலில் அறிவிப்பாக ஓடிக்கொண்டிருக்கிறது.