துறைமுக ஆபீஸில் இரண்டு சிலேட்டுகள்

நான் சிறுவனாக இருந்தபோது முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு நெல் மண்டி இருந்தது. அங்கே மூட்டை அடுக்க வந்த பையன் ஒருவன், தராசு நிற்பதற்குள் மொத்தத் தொகையைத் தனக்குத் தானே முணுமுணுப்பான். அதைக் கணக்குப்பிள்ளை கவனித்துவிட்டார். மறுநாள் அவனைக் கூப்பிட்டுத் தம் பக்கத்தில் உட்காரவைத்து, "இந்தப் பக்கத்தைக் கூட்டு, தம்பி" என்று பேரேட்டைத் தள்ளினார். இரண்டு வருஷத்தில் மண்டிக் கணக்கு முழுவதும் அவன் கைக்கு வந்துவிட்டது. முதலாளிக்கும் அவனை வெகு நாளாகத் தெரியும். ஆனால் மூட்டை தூக்குகிறவனாகத்தான் தெரியும்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சென்னைத் துறைமுகத்து நாராயண ஐயரின் ஞாபகம் வரும்.

1894-ஆம் வருஷம் மாயவரத்திலிருந்து எங்கள் ஊர் வரை ரயில் பாதை போட்டார்கள். நெல்லும் தேங்காயும் ஏறிய அந்த ரயிலில், தகரப் பெட்டியும் கையுமாகப் பட்டணத்து உத்தியோகத்துக்குப் புறப்பட்ட பிள்ளைகளும் ஏறினார்கள். பழைய தஞ்சாவூர் ஜில்லா சென்னைக்கு அரிசியை மட்டுமா அனுப்பியது? குமாஸ்தாக்களையும் அல்லவா அனுப்பியது! அதே ஜில்லாவில், கும்பகோணத்தில் வளர்ந்து பட்டணம் போனவர்தான் ராமானுஜன்.

அவருடைய கணித மேதையைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த மேதை உத்தியோகம் தேடி அலைந்த நாட்களில் கையிலே இருந்தது என்ன? கும்பகோணம் காலேஜில் உபகாரச் சம்பளம் போயிற்று. பிறகு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் படித்து எழுதிய எஃப். ஏ. பரீட்சையும் போயிற்று. கணக்கைத் தவிர மற்றப் பாடங்களை அவர் தொடவே மாட்டார். பரீட்சையோ எல்லாப் பாடத்தையும் கேட்கும். 1909-இல் கல்யாணமும் ஆகிவிட்டது. மீதி இருந்தவை சூத்திரங்கள் நிறைந்த நோட்டுப் புத்தகங்கள்தான்.

அவற்றைப் பார்த்து மதித்தவர்கள் உண்டு. இந்தியக் கணிதச் சங்கத்தை ஆரம்பித்த ராமசாமி ஐயர் மதித்தார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் இருபத்தைந்து ரூபாய் கொடுத்தே ஆதரித்தார். ஆனால் பிறர் கைப்பணத்தில் உட்கார்ந்து சாப்பிட ராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச் 1-ஆம் தேதி துறைமுக டிரஸ்ட் ஆபீஸில் கணக்குப் பிரிவுக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் முப்பது ரூபாய் சம்பளம்.

அங்கே அவருக்கு மேலே இருந்தவர் எஸ். நாராயண ஐயர். இவர் வெறும் கணக்கு அதிகாரி அல்லர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தவர். கணிதச் சங்கத்திலும் முக்கியஸ்தர். வேறொரு மேலதிகாரியாக இருந்தால், ஆபீஸ் நேரத்தில் காகிதத்தில் என்னவோ கிறுக்குகிற குமாஸ்தாவுக்கு மெமோ கொடுத்திருப்பார். நான் பார்த்த ஆபீஸ்களில் அதுதான் வழக்கம். நாராயண ஐயரோ சாயங்காலம் அவரைத் திருவல்லிக்கேணியில் இருந்த தம் வீட்டுக்கு அழைத்துப்போனார். ஆளுக்கொரு சிலேட்டு. இரவு வெகு நேரம் வரை இருவரும் உட்கார்ந்து போட்டார்கள்.

பிற்காலத்தில் நாராயண ஐயரின் மகன் சொன்ன ஒரு செய்தி உண்டு. ராமானுஜன் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவிவிடுவாராம். நடுவிலே என்ன நடந்தது என்று கூடப் படித்தவருக்கே புரியாது. தமக்கே விளங்காததை மற்றவர்கள் எப்படி ஒப்புக்கொள்வார்கள் என்று நாராயண ஐயர் வற்புறுத்தி, இடைப்பட்ட படிகளை எழுதவைப்பாராம். தம் குமாஸ்தாவிடம் "எனக்குப் புரியவில்லை, அப்பா" என்று சொல்ல எத்தனை அதிகாரிகளுக்கு வாய் வரும்!

கணக்குத் தமக்கு வரும் என்பது ராமானுஜனுக்குச் சின்ன வயசிலேயே தெரியும். அதை யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பிறருக்கு விளங்கும்படி சொல்லவும் தம்மால் முடியும் என்பதுதான், என் அபிப்பிராயத்தில், அந்த மாடியில் அவருக்குத் தெரியவந்த புது விஷயம். அது சுலபமாக வந்துவிடவில்லை. 1912 கடைசியில் என்ஜினீயரிங் கல்லூரி கிரிஃபித் மூலமாக லண்டனுக்குப் போன தாள்களைப் பார்த்த பேராசிரியர் ஹில், முடிவிலாத் தொடர்களில் பையன் வழுக்கி விழுந்திருக்கிறான் என்றே நினைத்தார். 1913 ஜனவரி 16-ஆம் தேதி, துறைமுகக் குமாஸ்தா என்று தம்மை அறிமுகம் செய்துகொண்டு ராமானுஜன் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அசந்துபோனார், ஆனாலும் பதிலில் அவர் கேட்டது என்ன? நிரூபணம் எங்கே என்றுதான்! திருவல்லிக்கேணி மாடியில் கேட்ட அதே கேள்வி.

டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற என்ஜினீயர் துரை. அவருக்கு விஷயத்தை எடுத்துச் சொல்லி அவரையும் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார் நாராயண ஐயர். அந்தப் பிப்ரவரியில் வானிலை இலாகாவின் தலைவர் கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது அவரிடமும் நோட்டைக் காட்டினார்கள். வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலாவதாகத் தேறியவர். உடனே சர்வகலாசாலைக்கு எழுதினார். எஃப். ஏ. தேறாதவருக்கு மே மாதத்திலிருந்து மாதம் எழுபத்தைந்து ரூபாய் ஆராய்ச்சிச் சம்பளம் கிடைத்தது. ஆபீஸ் அவரைச் சம்பளமில்லாத லீவில் விட்டது. அதே வருஷம் கணிதச் சங்கப் பத்திரிகையில் நாராயண ஐயர் ராமானுஜனுடைய முடிவுகளைப் பற்றிக் கட்டுரை எழுதினார். அவை யாருடையவை என்று அதிலேயே தெரிவித்தார். கீழே இருப்பவனின் வேலையில் தம் கையெழுத்தைப் போட்டு மேலே அனுப்புகிற சாமர்த்தியம் அவருக்கு வரவில்லை, பாவம்.

இதில் அவருக்கு என்ன லாபம்? கூடவே உட்கார்ந்து கணக்குப் போட்ட ஒரே துணையும் போயிற்று. 1914 மார்ச் 17-ஆம் தேதி, அதே சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் நெவாசா கப்பல் ராமானுஜனை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. 1918-இல் ராயல் சொஸைட்டி அங்கத்தினர் பதவி. 1919-இல் நோயோடு ஊர் திரும்புதல். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி, முப்பத்திரண்டு வயசில், சேத்துப்பட்டில் மரணம்.

சீமைக்குப் புறப்படுமுன் நாராயண ஐயர் ராமானுஜனிடம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார் என்பார்கள். தம் சிலேட்டை அவரிடம் கொடுத்துவிட்டு, அவருடைய சிலேட்டைத் தாம் வைத்துக்கொண்டாராம். இனிமேல் தனியாகத்தானே போட வேண்டும். அதைக் கையில் எடுத்தாலாவது ஏதாவது தோன்றாதா என்று.