செப்புக்காசு மீட்டுத் தந்த பெயர்

வரி செலுத்துவது முறையா என்று கேட்டுச் சிக்கவைக்க வந்தவர்களிடம் நம் ஆண்டவர் ஒரு நாணயத்தைக் காட்டச் சொன்னார். அதிலுள்ள உருவத்திற்கும் பொறிப்புக்கும் உரியவன் யார் என வினவினார். அடையாளம் தெரியாத பழங்காசு ஒன்றைக் கையில் எடுக்கும் நாணயவியலாரும் முதலில் எழுப்புவது இவ்வினாவையே. இந்தியத் திருச்சபையின் தொடக்கத்தோடு இணைத்துப் பேசப்படும் ஓர் அரசனின் பெயர், இவ்வினாவுக்கு விடையாகவே மண்ணுக்குள்ளிருந்து மீண்டு வந்தது.

கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதேசா நகரை ஒட்டிய பகுதியில் சிரிய மொழியில் எழுந்த நூல் 'தோமாவின் பணிகள்'. திருச்சபை இதனை விவிலியத்தில் சேர்க்கவில்லை. ஆயினும் இதன் கதை நம்மவர்க்கு நன்கு தெரிந்ததே. இந்தியாவுக்குச் செல்ல மறுத்த தோமையாரை ஆண்டவரே அப்பான் என்னும் வணிகனுக்கு அடிமையாக விற்கிறார். தச்சுத்தொழில் அறிந்த அவரிடம் குந்தபார் என்னும் அரசன் மாளிகை கட்டப் பொன்னும் பொருளும் ஒப்படைக்கிறான். அவரோ அவற்றை ஏழைகளுக்கு வழங்கிவிட்டு, மாளிகை விண்ணகத்தில் எழுந்துள்ளது என்கிறார். சினந்து அவரைச் சிறையிலிட்ட அரசன், இறந்து உயிர்பெற்ற தன் தம்பி காத் அம்மாளிகையைக் கண்டதாகக் கூறவே மனம் மாறுகிறான்.

கதையில் வியப்புகள் மிகுதி. ஆகவே அரசனும் கற்பனையே என்று கருத இடமிருந்தது. இக்கதையையும் இதனைத் தழுவிய மரபுகளையும் தவிர வேறு எந்நூலும் அவன் பெயரைச் சொல்லவில்லை. இந்தியாவில் அப்பெயருடைய அரசன் ஆண்டதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை எவரும் அறிந்திருக்கவில்லை.

அந்நிலையை மாற்றியவர் ஒரு படைவீரர். கிழக்கிந்தியக் கும்பெனியின் பீரங்கிப் படையிலிருந்து 1827-இல் தப்பியோடிய ஜேம்ஸ் லூயிஸ், சார்லஸ் மேசன் என்று பெயரை மாற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானத்தில் திரிந்தார். காபூலுக்கு வடக்கேயுள்ள பெக்ராம் சமவெளியில் 1833 முதல் 1838 வரை பல்லாயிரக்கணக்கான காசுகளைத் திரட்டினார். அவற்றுள் பெரும்பாலானவை செம்பு. பொன்னையும் வெள்ளியையும் மக்கள் உருக்கிவிடுவர். களிம்பேறிய செம்பு எவர் கண்ணிலும் படாமல் மண்ணில் தங்கிவிடும். வரலாற்றுக்கு அதுவே நற்பேறாயிற்று.

அவருக்குக் கிடைத்த ஒருவகைச் செப்புக்காசின் முன்புறத்தில் தலையில் பட்டிகை கட்டிய அரசனின் மார்பளவு உருவம். அதைச் சூழ்ந்து கிரேக்க எழுத்து. பின்புறத்தில் மாலை ஏந்திய சிறகுடைய வெற்றித்தேவதை. அவளைச் சுற்றி, அன்று எவராலும் படிக்க இயலாதிருந்த வேறோர் எழுத்து. கிரேக்கத்தைச் சிதைந்த வடிவில் பொறித்திருந்ததால், மேசன் அரசன் பெயரை 'உனத்பெரஸ்' என்றே படித்தார்.

புதிரை அவிழ்க்க வேறு காசுகள் துணை செய்தன. மினாந்தர் முதலிய இந்தோ-கிரேக்க அரசர்களின் காசுகளில் ஒருபுறம் கிரேக்கமும் மறுபுறம் அதே அறியா எழுத்தும் இருந்தன. பெயர்களும் பட்டங்களும் இருபுறமும் ஒன்றே என்பதை மேசன் உணர்ந்து, கல்கத்தா நாணயசாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப்புக்குத் தெரிவித்தார். அதைத் திறவுகோலாகக் கொண்டு பிரின்செப் 1830-களில் கரோஷ்டி எழுத்தைப் படிக்கத் தொடங்கினார். லாசன், கன்னிங்காம் முதலியோர் அப்பணியைத் தொடர்ந்தனர். வலமிருந்து இடமாக எழுதப்பெறும் அவ்வெழுத்தில் அக்காசு தன் அரசனைக் 'குதபர' என்னும் ஒலிப்புக்கு நெருங்கிய பெயரால் அழைத்தது. கிரேக்க வடிவம் கொண்டோபாரஸ். அவனே தோமையார் கதையின் குந்தபார் என்று பிரெஞ்சு அறிஞர் ரெய்னோ அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் எடுத்துக்காட்டினார்.

காலத்தை உரைக்கக் கல் ஒன்றும் கிடைத்தது. பெஷாவருக்கு வடகிழக்கேயுள்ள தக்தி-பாகியில் கண்டெடுக்கப்பெற்ற கல்வெட்டு, இம்மன்னனின் 26-ஆம் ஆட்சியாண்டையும், பெயர் குறிக்காத ஒரு சகாப்தத்தின் 103-ஆம் ஆண்டையும் சுட்டுகிறது. கி.மு. 58-57-இல் தொடங்கும் சகாப்தமே அது எனக் கொண்டால், கல்வெட்டின் ஆண்டு ஏறத்தாழ கி.பி. 46, அவன் அரியணை ஏறியது கி.பி. 20-ஐ ஒட்டி. ஆண்டவரின் பாடுகளும் திருத்தூதர்களின் முதற்பயணங்களும் நிகழ்ந்த காலம் இது.

இங்கே நாம் நிதானிக்க வேண்டும். குந்தபார் என்றோர் அரசன் இருந்தான் என்பதைக் காசு மெய்ப்பிக்கிறது. தோமையார் அவன் அவைக்குச் சென்றார் என்பதை மெய்ப்பிக்கவில்லை. அவனுக்குப் பின் வந்தோரும் அப்பெயரைப் பட்டம்போல் சூடியதால், அவனது காலத்தை முன்தள்ளுவோரும் உளர். வேறு சில காசுகளில் காணும் 'குதன' என்னும் சொல்லைத் தம்பி காத்தின் பெயராகக் கொள்ளும் முயற்சிக்கு உறுதியான அடிப்படை இல்லை. திருத்தூதரைக் கொல்வித்ததாக அந்நூல் கூறும் மஸ்தாய் மன்னனுக்கோ இத்தகைய காசுச் சான்று ஏதுமில்லை. திருச்சூரின் முதல் திருத்தந்தைப் பதிலாளாயிருந்த ஆயர் மெட்லிகாட் 1905-இல் வெளியிட்ட தம் நூலில் இக்காசுகளை விரிவாக ஆராய்ந்தார். பரங்கிமலையிலும் சாந்தோமிலும் மண்டியிடும் நம் மக்களின் நம்பிக்கை இச்செப்புத் துண்டுகளின்மேல் கட்டப்பட்டதன்று. அவற்றால் அது இடிந்துவிடுவதுமில்லை. சான்றுக்கு உரியதைச் சான்றுக்கும், விசுவாசத்துக்கு உரியதை விசுவாசத்துக்கும் கொடுப்பதே நேர்மை.

எனினும் அக்காசு நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அதில் கொண்டோபாரஸ் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம் 'சோத்தேர்'. அதன் பொருள் மீட்பர். அம்மீட்பனின் அரசு அழிந்தது, மாளிகைகள் புழுதியாயின, அவன் காசுகளும் படிப்பார் இன்றிப் புதைந்து கிடந்தன. அவ்வளவு காலமும் அவன் பெயரை நூலில் காத்து வைத்திருந்தது, வேறொரு மீட்பரை அறிவிக்கச் சென்ற அடிமைத் தச்சர் ஒருவரின் கதை. உலகாண்ட மன்னன் நினைக்கப்படுவது, ஏழைகளுக்குத் தன் பொருள் பகிரப்பட்டதாகக் கூறும் அக்கதையினாலேயே. மண் மூடிய செம்பு நமக்குச் சொல்வது இவ்வுண்மையைத்தான்.