வாடகை வீட்டில் தொடங்கிய நீதிமன்றம்

உலு திராமிலிருந்து தெற்கே சென்று ஜொகூர் நீரிணையைக் கடப்போர், சிங்கப்பூர்ப் பாடாங் திடலருகே பச்சைக் குவிமாடத்துடன் நிற்கும் பழைய உச்ச நீதிமன்றத்தைக் காண்பர். இத்துணை மாட்சி பெற்ற மன்றம் அந்நகரில் ஒரு வாடகை வீட்டிலேதான் தன் வாழ்வைத் தொடங்கிற்று. கோல்மன் என்னும் கட்டடக் கலைஞர் மேக்ஸ்வெல் என்ற வணிகருக்காக வரைந்து, 1827இல் முடிவுற்ற மாளிகையை அரசு வாடகைக்கு எடுத்து நீதிமன்றம் ஆக்கிற்று. பக்கத்திலோ படகு கட்டும் பட்டறை! சம்மட்டி ஓசைக்கிடையே சாட்சியின் சொல் நீதிபதியின் செவிக்கு எங்ஙனம் எட்டும்? வழக்காட வேறொரு கூடம் கட்ட நேர்ந்தது.

நூறாண்டு கடந்தபின் எழுந்ததே நாம் காணும் கட்டடம். திடலருகே இருந்த ஐரோப்பா ஓட்டலை இடித்த இடத்தில், பொதுப்பணித் துறையின் கலைஞர் பிராங்க் டோரிங்டன் வார்டு அதனை வகுத்தார். கொரிந்தியத் தூண்கள் கருங்கல்லோ என மயக்கும். உண்மையில் அவை இத்தாலியச் சிற்பி ரொடால்போ நோலி வார்த்த செயற்கைக் கல். முகப்பின் முக்கோணத்தில் 2.7 மீட்டர் உயர நீதித் தேவி நிற்கிறாள். எடை நான்கு டன் என்பர். அவளருகே அடைக்கலம் வேண்டி இரப்பவன் ஒருவனையும் சிற்பி வைத்தார். அவ்வுருவமே தேவியினும் நம் கண்ணை ஈர்க்கிறது.

1937 ஏப்ரல் 1ஆம் நாள் ஆளுநர் ஷெண்டன் தாமஸ் அடிக்கல் நாட்டினார். அதன்கீழ் அக்காலச் செய்தித்தாள்களும் நாணயங்களும் கொண்ட பேழை ஒன்று புதைக்கப்பட்டது. அதைத் திறக்கக் குறித்த ஆண்டு 3000! ஆயிரம் ஆண்டைக் கணக்கிட்ட ஆட்சிக்கு ஐந்தாண்டும் முழுமையாக வாய்க்கவில்லை. 1939 ஆகஸ்டு 3இல் மன்றம் திறக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது.

போர் ஓய்ந்தபின், 1946 ஜனவரி 21இல், சிங்கப்பூரின் முதல் போர்க் குற்ற விசாரணை இக்கட்டடத்தில் தொடங்கிற்று. கைதிகளாகப் பலாவுத் தீவுகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொடுமைக்குள்ளான இந்தியச் சிப்பாய்கள் பற்றிய வழக்கு அது. கப்டன் கோசாவா உள்ளிட்ட பதின்மர் கூண்டில் நின்றனர். சிப்பாய் ஒருவரின் தலையைக் கொய்த அதிகாரிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. வென்றவரே அமைத்த இராணுவ நீதிமன்றம் அது என்பார் உண்டு. ஆயினும் பசியாலும் நோயாலும் அயல்தீவில் மடிந்த எளிய சிப்பாய்களின் துயரம் அங்கே சாட்சியமாகப் பதிவாயிற்று.

2005இல் உச்ச நீதிமன்றம் அருகிலுள்ள புதிய கட்டடத்துக்கு மாறியது. 2015 முதல் பழைய கட்டடம் தேசிய ஓவியக் கூடத்தின் ஒரு பகுதி. அடிக்கல்லும் பேழையும் இடம்பெயரவில்லை.