"800×600-ல் பார்க்கவும்": ஒரு பழைய கதை

மக்களே, "இந்தத் தளத்தை 800×600 அளவில் பார்த்தால் நன்றாகத் தெரியும்"னு முகப்புல எழுதி வெச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு. டெய்லர் சட்டையைத் தச்சு வெச்சுட்டு, இதுக்குப் பொருந்துற உடம்போட வாங்கன்னு சொல்ற மாதிரி :-)

வேடிக்கை என்னன்னா, வலை பொறந்தப்ப இந்தத் தொல்லையே கிடையாது. டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்துல போட்ட ஆரம்பகாலப் பக்கங்கள்ல அகலம்னு எதுவுமே குறிக்கலை. ஜன்னலைச் சுருக்கினா வரிகள் தானா மடங்கிக்கும். அவ்வளவுதான்.

கெடுத்தது நாமதான். அச்சு இதழ் மாதிரியே பக்கம் வேணும்னு ஆசை. கணக்கு வழக்கு காட்ட வேண்டிய அட்டவணையை வெச்சுப் பக்கத்தைக் கூறு போட்டோம். இடைவெளிக்கு, கண்ணுக்கே தெரியாத ஒரு பிக்சல் படம்! 1996-ல் டேவிட் சீகல் எழுதிய புத்தகம் இந்த வித்தையை ஊரெல்லாம் பரப்புச்சு.

2000 ஏப்ரல்ல ஜான் ஆல்சாப்னு ஒரு ஆஸ்திரேலியர் 'எ லிஸ்ட் அபார்ட்' இணைய இதழ்ல ஒரு கட்டுரை எழுதினார். பக்கம் வளைஞ்சு கொடுக்கறது வலையோட குறை இல்லை, அதோட குணம்ங்கறதுதான் சாரம். ஆனாலும் பெரும்பாலான தளங்கள் பிக்சலைக் கட்டிக்கிட்டே அழுதன.

2007-ல் ஐபோன் வந்துச்சு. அதோட சஃபாரி, பக்கம் 980 பிக்சல் அகலம்னு வெச்சுக்கிட்டு அப்படியே சுருக்கிக் காட்டும். படிக்கணும்னா விரலால பெருசாக்கணும். பல நிறுவனங்கள் போனுக்குன்னு தனித் தளம் போட்டாங்க. ஒரே வேலை ரெண்டு தடவை. அதுலயும் போன்காரனுக்குப் பாதி விஷயம் கிடைக்காது.

2010 மே 25, அதே இதழ். ஈதன் மார்காட் மூணு பழைய சரக்கை ஒண்ணா சேர்த்து 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்'னு பேர் வெச்சார்:

1. அகலத்தைப் பிக்சல்ல சொல்லாம சதவீதத்துல சொல்லு. 960-ல் 300 பிக்சல் பத்தின்னா, 31.25%.
2. படமும் தன் பெட்டிக்குள்ள சுருங்கட்டும்.
3. திரை ரொம்பக் குறுகினா அமைப்பையே மாத்து. பக்கத்துப் பக்கத்துல இருந்த பத்திகள் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா வரட்டும்.

2011 செப்டம்பர்ல பாஸ்டன் குளோப் பத்திரிகை இதே முறையில தளம் போட்டுக் காட்டுச்சு. 2015 ஏப்ரல்ல, போன்ல தேடுறவங்களுக்கு போனுக்கு ஏத்த பக்கங்களை முன்னால காட்ட கூகுள் ஆரம்பிச்சப்பதான் மேனேஜர்களுக்கே முழிப்பு வந்துச்சு ;-)

யோசிச்சுப் பாருங்க, சதவீதக் கணக்கு 1996-ல் வந்த முதல் சி.எஸ்.எஸ்.லயே இருந்துச்சு. இல்லாம போனது விட்டுக்கொடுக்கற மனசு. அதுக்கு விலை கொடுத்தது சின்னத் திரைக்காரங்களும், எழுத்தைப் பெருசாக்கிப் படிக்கிற பெரியவங்களும்தான். நாமளும்தான்: ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தான்ல 'பதிவிறக்கு' அடங்காம வெளிய தொங்குறதைப் பார்த்திருப்பீங்களே?

அதனால பொட்டி தட்டும் நண்பர்களே, அடுத்த தடவை அகலத்துக்கு ஒரு எண்ணைப் போடறதுக்கு முன்னால, அது யாரோட திரைக்கு எடுத்த அளவுன்னு ஒரு நிமிஷம் கேட்டுக்குங்க.